தோளில் இருந்த கை

கடலில் நனைந்த கலர் போட்டோ ஓரத்திலிருந்து அழியத் தொடங்கும். ஆல்பத்தின் தாள்கள் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்திருப்பதால் தண்ணீர் விளிம்பு வழியாகத்தான் உள்ளே வர முடியும். வந்த தண்ணீரில் ஜெலட்டின் ஊறி, உப்பி, வழுவழுவென்றாகும். சில நாள் அப்படியே கிடந்தால் கிருமிகள் தின்னத் தொடங்கும். படம் இருப்பது தாளில் இல்லை, அந்த ஜெலட்டினில். அதற்குள் மூன்று சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக: மேலே நீலப்பச்சை, நடுவே மெஜந்தா, அடியில் மஞ்சள். மேலே இருப்பது முதலில் போகும். கடல் முதலில் நீலத்தை எடுத்துக்கொள்கிறது. அது போன இடம் தீயாய்ச் சிவக்கும். பிறகு மெஜந்தாவும் கரைய, மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுவும் போனால் வெறும் வெள்ளைத் தாள். முகத்திலிருந்து விளிம்பை நோக்கி விரலை நகர்த்திப் பார்த்தால் முழு நிறம், சிவப்பு, மஞ்சள், வெண்மை என்று மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். படம் முடிந்த இடம் இது என்று விரலை ஊன்றிச் சொல்ல முடியாது.

2005ஆம் ஆண்டு முழுவதும் போர்ட் பிளேரில், அபர்தீன் பஜார் பக்கம் ஒரு போட்டோ கடையின் மாடியில் உட்கார்ந்து இப்படிப்பட்ட படங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். (2024இலிருந்து ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். என் வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது.) 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்த நிலநடுக்கமும் அதன் பின்னால் வந்த கடலும் இந்தத் தீவுகளில் 3,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. தெற்கே நிக்கோபாரில்தான் பெரும் இழப்பு. அதிலும் கச்சால் தீவில் போனவர்கள் மிக அதிகம். நிக்கோபாரிகளின் அந்தத் தீவில் நம்முடைய சனமும் இருந்தது. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களில் சில குடும்பங்களை ரப்பர் தோட்டத்துக்காக 1970களில் அங்கே குடியேற்றியிருந்தார்கள். தப்பியவர்களில் பலர் கப்பலேறி போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் பாலித்தீன் பை. பைக்குள் ரேஷன் கார்டு, சில காகிதங்கள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன போட்டோக்கள்.

இழந்தவருக்கென்று தனியாக எடுத்த படம் அநேகமாக யாரிடமும் இருக்காது. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்பார், கோயில் திருவிழாவில் யாருக்கோ பின்னால் பாதி முகம் தெரியும். அதிலிருந்து அவரை மட்டும் பிரித்தெடுத்து, ஓரத்தை இளக்கி, பின்னால் நீல வானமோ மேகமோ வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும் கீழே 'தோற்றம்', 'மறைவு' என்றும் எழுதித் தர வேண்டும். மறைவு என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே தேதி.

இந்த ஓரம் இளக்கும் வேலைக்குக் கடையில் 'ஃபெதர்' என்று பெயர். இறகு. "எத்தன ஃபெதர் வச்சே?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். முதலில் ஆளைச் சுற்றி பென் டூலால் கட்டிங் போட வேண்டும். ஃபெதர் வைக்காமல் வெட்டினால் முகம் கத்தரித்து ஒட்டிய சினிமா ஸ்டிக்கர் போல மேகத்தின்மேல் துருத்திக்கொண்டு நிற்கும். ஃபெதர் வைத்தால் விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் கனத்தைச் சிறிது சிறிதாக இழந்து, பின்னாலிருப்பதற்கு வழிவிடும். முழுதாக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவே கணினி வைத்திருக்கும் படிகள் 256. பாதிப் படியில் உள்ள புள்ளியில் பாதி காது, பாதி வானம்.

எவ்வளவு வைப்பது என்பது கைப்பழக்கம். கையில் பிடித்துப் பார்க்கிற அட்டைக்கு 300 ரெசல்யூஷனில் 40 புள்ளி வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். முகம் அழகாகக் கரையும். அதே 40ஐ 72 ரெசல்யூஷனில் போடுகிற பத்தடி ஃபிளெக்ஸில் வைத்தால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். தெரு முனையிலிருந்து பார்க்கிறவருக்கு அது கத்தரி வெட்டாகவே தெரியும். பார்க்கிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ அவ்வளவுக்கு இளக வேண்டும்.

கூந்தல்தான் கஷ்டம். முடியின் ஓரப் புள்ளிகளில் பழைய பின்னணி கலந்தே இருக்கும். பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றவரை எடுத்து மேகத்தில் வைத்தால் தலையைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் தெரியும். தேர்வை ஒரு புள்ளி உள்ளே சுருக்கி அதை நீக்குவோம். அந்த ஒரு புள்ளி அகலத்தில் இருப்பது அவர் நின்ற வீட்டின் சுவர், அன்றைக்கு அடித்த வெயில். எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுக்காவிட்டால் படம் நன்றாக இராது. ஆனாலும் முகாமிலிருந்து வந்தவர்களின் படங்களில் அதைச் செய்யும்போது மௌஸ் பிடித்த கை கொஞ்சம் தயங்கும்.

கையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கச்சாலிலிருந்து வந்த ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். மகனின் படம் வேண்டும் என்றார். அவர் தந்தது குரூப் போட்டோவாக இருந்து கடல் தின்றது போக மிஞ்சியது. நடுவே ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது வயது, வெள்ளைச் சட்டை. அவனுக்கு வலப்புறம் இருந்ததெல்லாம் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துப் போயிருந்தது. அவன் வலத்தோளில் மட்டும் ஒரு கை. நான்கு விரல், இரண்டு கண்ணாடி வளையல். மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

தொழிலில் இது வழக்கமான சிக்கல். குரூப்பிலிருந்து ஒருவரைப் பிரித்தால் பக்கத்தில் இருந்தவரின் கையோ முந்தானையோ கூட வரும். நான் எரேசரை எடுத்தேன். இடத்தோளிலிருந்து சட்டைத்துணியைப் பிரதியெடுத்து விரல்கள் இருந்த இடத்தில் நிரப்பினேன். ஓரத்துக்கு நல்ல ஃபெதர் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது, கடைக்காரரே பாராட்டினார். எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி, ஸ்கேன் செய்த கோப்பின் பெயரிலேயே ஜேபெக்காகச் சேமித்தேன். அப்போது கணினியில் இடம் இல்லை, அடுக்குகளோடு வைத்தால் கோப்பு பெரிதாகும் என்று அப்படிச் செய்வது பழக்கம்.

ஆண்டு நிறைவுக்கு இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்று டிசம்பரில் அந்த அம்மா மறுபடி வந்தார். படத்தை மேஜைமேல் வைத்து விரலால் தோளைத் தொட்டார்.

"தம்பி, இந்த எடத்துல ஒரு கை இருந்திச்சே?"

"ஆமாம்மா. வேற ஆளோட கை. அசிங்கமா தெரியுமேன்னு எடுத்துட்டேன்."

"அது தங்கச்சிப் புள்ள கை. அவன் தங்கச்சி."

அவளும் அன்றைக்கே போனவள்தான். அவளுக்கென்று வேறு படம் இல்லை. கடல் அவளைப் படத்திலிருந்தும் கரைத்துவிட்டு அண்ணன் தோளில் வைத்த கையை மட்டும் விட்டிருந்தது. அதை நான் எடுத்திருந்தேன். ஒரிஜினலைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததில் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது படம் உறையோடு போய்விட்டது என்றார். கணினியில் தேடினேன். பழைய சிடிகளில் தேடினேன். ஸ்கேன் மேலேயே அழித்து எழுதியிருந்தேன், எங்கே இருக்கும்? அவர் திட்டவில்லை. இரண்டு பிரதிக்கும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்தக் கோப்பில் எரேசருக்குப் பதில் மாஸ்க் போட்டிருந்தால் கை இன்றைக்கும் இருந்திருக்கும். இரண்டுக்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. எரேசர் தொட்ட புள்ளி போய்விடும். மாஸ்க் என்பது படத்தின்மேல் போர்த்திய ஒரு சாம்பல் துணி மாதிரி. கறுப்பு உள்ள இடத்தில் கீழிருப்பது தெரியாது, வெள்ளை உள்ள இடத்தில் தெரியும், இடைப்பட்ட சாம்பலில் அரைகுறையாகத் தெரியும். துணியை விலக்கினால் எல்லாம் அப்படியே இருக்கும். நான் மாஸ்க்கை அறியாதவன் இல்லை. கல்யாண ஆல்பம் மிக்ஸிங்குக்குத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் படத்துக்கு அது தேவை என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இருபது வருடமாக என்னோடு இருக்கிறது.

சைவத்தில் இறைவனின் தொழில் ஐந்து என்பார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். சின்ன வயதில் இதைக் கேட்டபோது அழித்தல் என்று ஒன்று இருக்கும்போது மறைத்தல் எதற்குத் தனியாக என்று விளங்கவில்லை. இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். சாவைக் குறிக்க நம் அஞ்சலி அட்டைகளில் வழிவழியாக வருகிற சொல்லும் மறைவுதான். அழிவு என்று யாரும் போடுவதில்லை. பிறப்பைக்கூடத் தோற்றம் என்கிறோம். கண்ணுக்குத் தெரிய வந்தார், கண்ணுக்குத் தெரியாமல் போனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற சொற்கள். அந்த அட்டைகளை நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்த நான், சொல்லுக்கு ஒத்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்திருக்கிறேன்.

அரசாங்கத்துக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. ஏழாண்டு செய்தி இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக அந்தக் காத்திருப்பைத் தளர்த்தினார்கள். சான்றிதழ் கிடைக்காமல் நிவாரணம் கிடைக்காது, குடும்பம் நிமிராது. சரியான முடிவுதான். ஆனால் சான்றிதழை வாங்கி மடித்து வைத்துவிட்டு, படத்தில் 'மறைவு' தேதி மட்டும் வேண்டாம் தம்பி என்று சொன்னவர்களும் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

ஓரம் கரைந்த படம் கணினி கொண்டுவந்தது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களிலேயே தோளுக்குக் கீழே மெல்ல வெளுத்துத் தாளோடு கலந்துவிடும் முகங்கள் உண்டு. நெகட்டிவுக்கு முன்னால் முட்டை வடிவ ஓட்டை போட்ட அட்டையை வைத்து, ஓட்டையின் விளிம்பை ரம்பப் பல் போல நறுக்கி, சுற்றிலும் பஞ்சையோ மெல்லிய தாளையோ ஒட்டி வெயிலில் காட்டுவார்கள். பஞ்சு வழியாகக் கசிந்த வெளிச்சம்தான் அந்தக் காலத்து ஃபெதர். வினெட் என்று அதற்குப் பெயர். பிரெஞ்சில் சின்னத் திராட்சைக் கொடி என்று பொருள். பழைய புத்தகங்களில் பக்க ஓரங்களில் சட்டமில்லாமல் படரவிட்ட கொடி அலங்காரத்திலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டு வீடுகளில் கூடத்துச் சுவரில் மாட்டிய தாத்தா பாட்டி படங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

கணினியில் இதற்கு வழி செய்தவர்கள் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும். 1970களின் இறுதியில் நியூயார்க்கில், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் போக நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண். ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அப்படிப்பட்ட இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். ஜேபெக்கில் அந்த நான்காவது எண்ணுக்கு இடமில்லை. எதுவும் அதில் முழுதாக இருந்தாக வேண்டும், கரைந்த ஓரத்துக்குப் பின்னால் எதையாவது நிரப்பிவிடும். 1996இல் வந்த பிஎன்ஜி அதை ஏற்றுக்கொண்டது.

இந்தத் தீவுகளில் எடுக்கப்பட்டவற்றில் உலகம் அறிந்த பழைய படங்களுக்கு ஓரம் கரைவதே இல்லை. மாரிஸ் விடால் போர்ட்மன் 1879இல் அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரியாக இங்கே வந்தார். 1890களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர்களை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். நேர்முகம், பக்கவாட்டு முகம், சில படங்களில் உடலை அளக்க வாகாகப் பின்னால் கட்டம் போட்ட பலகை. மானுடவியலுக்கான படத்தில் அழகு வெளிச்சமும் மங்கலும் கூடாது, எல்லாம் துலக்கமாகத் தெரிய வேண்டும் என்று 1896இல் கட்டுரையே எழுதினார். பிளாட்டினத்தில் அச்சிட்டார். பிளாட்டினம் தாளின் நாரிலேயே படிந்துவிடும், எளிதில் மங்காது. அந்தப் படங்களின் ஸ்கேன்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். கூர்மை அபாரம். தோளுக்கும் பின்னால் உள்ள பலகைக்கும் நடுவே கத்தி நுழையும் அளவுக்குத் தெளிவான கோடு. அந்தக் கோடு எனக்கு உவப்பாக இல்லை. யாருடைய கையும் யாருடைய தோளிலும் இல்லாமல் ஒவ்வொருவரையும் தனியாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறது. படங்கள் இன்னும் மங்கவில்லை. அந்தமானியப் பெருங்குழுக்களைச் சேர்ந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர்.

கூர்மையான கோட்டின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போனதற்கு இன்னொரு காரணம் இந்த நிலம். தீவின் வரைபடம் எங்கள் கடையில் அடிக்கடி தேவைப்படும். டூரிஸ்ட் அட்டை, காலண்டர், பள்ளிக்கூட விழா பேனர். பழைய வரைபடத்தை பென் டூலால் வெட்டி ஒரு கோப்பாக வைத்திருந்தேன். கரையைச் சுற்றி ஒரு கோடு, உள்ளே பச்சை, வெளியே நீலம். 2004க்குப் பிறகு அது பொய்யாகிவிட்டது. வட அந்தமானின் மேற்குக் கரை மேலே எழும்பி, இன்டர்வியூ தீவுப் பக்கம் பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. தெற்கே இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1972இல் கரையில் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீரில் நிற்கிறது. போர்ட் பிளேரிலும் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் கடல்நீர் வந்து தங்கிவிட்டது. தலையில்லாத தென்னைகள் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. பேருந்தில் அந்த வழியே போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஓதம் ஏறும்போது வரப்பு மறையும், வற்றும்போது தெரியும். வயல் இன்னும் அடியில்தான் இருந்தது.

அந்த வரைபடத்தைப் பிறகு மாற்றினேன். கரைக்கோட்டை எடுத்துவிட்டுப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே அகலமாக ஃபெதர் வைத்தேன். சதுப்புக்காட்டுக் கரையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதுதான் ஒத்துவந்தது.

2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது மியாகி மாகாணத்தின் யமாமோட்டோ என்ற சிற்றூரில் சேற்றிலிருந்து பொறுக்கிய லட்சக்கணக்கான போட்டோக்களைத் தன்னார்வலர்கள் கழுவி, காயவைத்து, எண்ணிட்டு, ஸ்கேன் செய்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். அடையாளம் காண முடியாத அளவுக்கு அழிந்தவற்றையும் தூக்கிப் போடவில்லை, கண்காட்சியாக வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமான அந்த ஓரம் இங்கே நான் பார்த்ததேதான் என்று தெரிந்தது. நாங்கள் அதையெல்லாம் நீல வானம் வைத்து மூடினோம். கேட்டவர்களும் அப்படித்தான் கேட்டார்கள், அதில் தப்பில்லை. மூடுவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்களிடம் அந்த ஒழுங்கு இல்லை. எங்கள் தீவுகளில் கடல் தொட்ட படங்கள் எத்தனையோ இப்படிக் கடைகளின் ஹார்ட் டிஸ்க்குகளில் சுத்தமாகி, பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கும் போய், இல்லாமலே ஆகிவிட்டன. இதை எழுதி வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

இப்போது ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினால் ஆள் தனியாக வந்துவிடுகிறார். முடியின் ஓரம்கூட நன்றாகவே வருகிறது. தோளில் இருக்கும் கையை அது இந்த ஆளுடையது இல்லை என்று கண்டுபிடித்து நீக்கியும் விடுகிறது. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்த அதே வேலை. கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்லித் தருவது ஒன்றுதான். எரேசரைத் தொடாதே, மாஸ்க் போடு, அடுக்குகளை ஒன்றாக்காதே, ஸ்கேனைத் தனியாக வை. வெட்டச் சொன்னவரிடம் பக்கத்தில் நிற்பது யார் என்று ஒரு வார்த்தை கேள்.

போன வருடம் ஒரு பெரியவர் வந்தார். மனைவி தவறிவிட்டார், பதினாறாம் நாள் அட்டைக்குப் படம் வேண்டும். மெயின்லேண்டில் மச்சான் வீட்டில் இருந்த பழைய குரூப் போட்டோவை அங்கிருந்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இதெல்லாம் சுலபம். முன்பு டிவிடியில் எழுதி, யாராவது விமானத்தில் வருகிறார்களா என்று பார்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும். படம் முழுசாக இருந்தது. வாழைமரம் கட்டிய வாசல், பதினோரு பேர். அவர் மனைவி ஓரத்தில், கையில் குழந்தை.

யார் யார் என்று கேட்டேன். ஒவ்வொருவராகச் சொன்னார். அவரும் மனைவியும் தவிர மற்ற ஒன்பது பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போனவர்கள். குழந்தையும்.

கட்டிங் போட்டு, மாஸ்க் வைத்து, ஓரத்தை இளக்கினேன். குழந்தையின் தலை இருந்த இடத்தில் மார்புக்குக் கீழே மெல்லக் கரையும்படி கொண்டுவந்தேன். பெரியவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், எதையும் அழிக்கவில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் மேல் ஒரு கிளிக் செய்தேன். அப்படிச் செய்தால் மாஸ்க் விலகி நிற்கும். வாழைமரமும் வாசலும் பதினோரு பேரும் ஒரே நொடியில் திரும்ப வந்தார்கள்.

அவர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரையருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கீழே பஜாரில் மணிக்கூண்டுப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நெடுநேரம் பார்த்தார்.

"சரி தம்பி," என்றார். "மறைச்சிரு."